காய்ச்சல் லீவு

தாய்லாந்துப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாரான ட்ரெவர், காய்ச்சலென்று லீவு சொல்லிவிட்டுப் புத்தர் கோயில்களைச் சுற்றக் கிளம்பியிருந்தார். மூன்றாவது கோயில் வாசலில், ஒழுங்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட வந்த ப்ளாய் டீச்சர் அலறினாள்.

"ஐயோ, அது ஹெட்மிஸ்ட்ரஸ் கார்! கண்ணுல பட்டா உங்க வேலை காலி! ஓடிப்போய் அந்தச் சவப்பெட்டில படுங்க!"

வரிசையாகக் கிடக்கும் பெட்டிகளில் பிணம்போல் படுத்து, பிக்கு ஓதி முடித்ததும் எழுந்தால், பீடை தொலைந்து புதுப்பிறவி கிடைக்கும் என்பது அந்தக் கோயில் வழக்கம். ட்ரெவர் வெள்ளைத் துணியை இழுத்து மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முறையாகச் செத்தார்.

ஓதி முடிந்தது. துணியை விலக்கி எழுந்தார். பக்கத்துப் பெட்டியிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் விலாய் எழுந்தார்.

"காய்ச்சல் எப்படி இருக்கு, ட்ரெவர் சார்?"

"உங்களுக்கு இன்னைக்கு பாங்காக்ல மீட்டிங்னு சொன்னாங்களே, மேடம்?"

விலாய் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"விடுங்க சார், இப்பத்தானே பொறந்திருக்கோம். போன ஜென்மத்துக் கதை எதுக்கு?"