எஞ்சின் வாங்க வந்தவள்

"இது எந்த வகை எஞ்சின் அண்ணே?"

"டிராக்டர் எஞ்சின்லா! சுங்கை லாலாங் முழுக்க விசாரிச்சுப் பாரு தங்கச்சி. இந்தப் பக்கிரிசாமி கடையிலருந்து தப்பான சரக்கு வெளிய போகாது."

பிரேமாவதி அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. பாடாங் மேஹாவில் அவளுக்குக் காய்கறிக் கெபுன், ஒரு சின்னத் தோட்டம். உழுகிற டிராக்டரின் எஞ்சின் போன வாரம் வெடித்து உட்கார்ந்துவிட்டது. மழை பிடிப்பதற்குள் பாத்தி போட்டாக வேண்டும். புதுசு வாங்க வசதியில்லை. பழசு வாங்கி, வகை மாறிப்போனால் அது டிராக்டரில் உட்காரவே உட்காராது.

"டிராக்டருக்கு வர்றதும் ஜெனரேட்டருக்கு வர்றதும் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும்ணே. அதுலயும் பெரிசு, சின்னதுன்னு இருக்கு. மேல இருக்கிற தகடை மாத்திக்கூட அடிச்சிருப்பாங்க. எஞ்சின் உடம்புல அச்சடிச்ச நம்பரைப் பார்த்தாத்தான் தெரியும்."

"எனக்கே பாடம் நடத்துறியா?" என்று சிரித்தபடி பக்கிரிசாமி குனிந்தார். எஞ்சினின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தார். "இதோ நம்பர். டிராக்டருதான். சின்னது."

விலையும் சொன்னார்.

பிரேமாவதி எஞ்சினைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். அவளை ஏற்றிவந்த லோரிக்கார சசிதரன், தூக்கலாமா என்று கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"மத்ததையும் கொஞ்சம் பார்த்துக்கிறேனே அண்ணே."

"தாராளமா பாரு."

தாராளமாகத்தான் பார்த்தாள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வரிசையில் கிடந்த ஒவ்வொரு எஞ்சினையும் குளிப்பாட்டினாள். எஞ்சினின் டீசல் பம்புக்குப் பக்கத்தில் தலையை நுழைத்து, போன் வெளிச்சத்தில் நம்பரைப் படித்தாள். முகமெல்லாம் கிரீஸ்.

அது போதாதென்று, பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு டின் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்தாள்.

'டிராக்டர் பெரிசு.' 'ஜெனரேட்டர்.' 'டிராக்டர் சின்னது.'

எஞ்சின் எஞ்சினாக, உள்ளங்கை அகல எழுத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

பக்கிரிசாமியின் மனைவி அழகம்மா கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தாள்.

"ஏய், என்னம்மா பண்றே? இது கடையா, உன் வீட்டுச் சுவரா?"

"எனக்கு மறதி அக்கா. எதைப் பார்த்தேன், எதைப் பார்க்கலன்னு குழம்பிடும்."

"அதுக்கு இவ்ளோ பெரிசாவா எழுதுவாங்க? மாப்பிள்ளை பார்க்க வந்தவகூட இவ்ளோ நோண்ட மாட்டா! என்னங்க, நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"விடு அழகம்மா. பொம்பளப் புள்ள, பயந்து பயந்து வாங்குது" என்றார் பக்கிரிசாமி.

"உங்களுக்கு வாய்ச்ச கஸ்டமரு!" அழகம்மா தலையிலடித்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போதும் திட்டுவதை நிறுத்தவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது பிரேமாவதி எழுந்து நின்றாள்.

"முதல்ல காட்டுனீங்களே அண்ணே, அதையே எடுத்துக்கிறேன். ஆனா அது பெரிசு. என் டிராக்டருக்கும் பெரிசுதான் வேணும். பெரிசுக்கு உள்ள வெலையச் சொல்லுங்க."

சசிதரனுக்கு வாயில் வந்த வார்த்தையை விழுங்குவது பெரும்பாடாகிவிட்டது. எஞ்சினைக் கட்டி, லோரி ரோட்டுக்கு ஏறியதும் கொட்டித் தீர்த்தான்.

"அக்கா, அவரு சின்னதுன்னுதானே சொன்னாரு? அந்த வெலையிலயே தூக்கியிருக்கலாம். பாதி நாளை வீணாக்கி, சொந்தக் காசுல பெயிண்ட் வாங்கி, அந்தம்மாகிட்ட திட்டும் வாங்கி, கடைசியில கூடக் கொடுத்துட்டு வர்றீங்க. உங்கள மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்லக்கா!"

பிரேமாவதி கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அவரு நம்பர் படிச்சாரே, எந்தப் பக்கம் பார்த்துப் படிச்சாரு?"

"பக்கவாட்டுல தடவி. ஏன்?"

"அந்தப் பக்கம் நம்பரே கெடையாது தம்பி. அது பம்புக்குப் பக்கத்துல இருக்கு."

சசிதரன் லோரியை மெதுவாக்கினான்.

"அண்ணனுக்குக் கண்ணு தெரியல. தெரியிற மாதிரி சமாளிக்கிறாரு. நாளைக்கு எவனாவது வந்து பெரிசைக் காட்டிச் சின்னதுன்னு சொன்னா, அப்படியே தூக்கிக் கொடுத்துருவாரு. எத்தனை போச்சோ, யாரு கண்டா?"

"நேரா சொல்லியிருக்கலாமே அக்கா?"

"பொண்டாட்டி முன்னாலயா? அந்த மனுஷன் மொகம் என்னாவும்? அந்தக்காவுக்குத் தெரியக்கூடாதுன்னுதானே இவ்ளோ பாடுபடுறாரு."

பாடாங் மேஹாவை நெருங்கும்போது அவள் போன் அடித்தது. கடை நம்பர்.

"எடுக்காதீங்க அக்கா! பெயிண்டை வந்து அழிக்கச் சொல்லப்போறாங்க."

பிரேமாவதி எடுத்தாள். அழகம்மாதான். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஏம்மா, வீடு போய்ச் சேர்ந்துட்டியா?"

"போய்க்கிட்டே இருக்கோம் அக்கா. பெயிண்ட் அடிச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்க..."

"கோவமா? அவருக்குக் கண்ணு மங்கிப் போனது எனக்கு எப்பவோ தெரியும்மா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவாரு. நானா எழுதி வைக்கலாம்னா, எனக்கு அந்த நம்பரெல்லாம் ஒரு எழவும் புரியாது. நீ எழுதுனதை நாற்காலியில உட்கார்ந்த எடத்துலருந்தே படிக்கிறாரு. இப்பத்தான் ஒருத்தன் வந்து பெரிசைச் சின்னதுன்னான். 'டேய், அது பெரிசுடா'ன்னு ஒரு அதட்டு போட்டாரு பாரு!"

"அப்புறம் ஏன் அக்கா என்னை அந்தத் திட்டு திட்டுனீங்க?"

"சும்மா இருந்தா அவருக்குச் சந்தேகம் வந்திருக்காதா? நல்லா கேளு. பின்னால கொட்டகையில இன்னும் கொஞ்சம் எஞ்சின் கெடக்கு. அடுத்த வாரம் வந்து அதுலயும் கிறுக்கிட்டுப் போ. நான் இன்னும் சத்தமா திட்டுறேன்."