கறுப்புக் கொடியில் வெள்ளைக் கோடு

தேவாரத்து மலையிலிருந்து சாரல் சரிந்து இறங்குகிறது. வாசல் வெளிச்சத்துக்கு மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டு, தையல்கார அம்மாவாசி ஒரு கறுப்புக் கொடியைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். சண்டைக்காலம், காசு கொடுத்தாலும் துணி அகப்படாது. பெண்டாட்டி சந்தனம்மாளின் குடை கிழிந்து கிடக்கிறது, அதற்கு ஒட்டுப்போட வேறு வழியில்லை. கொடியின் நடுவிலிருந்த மண்டையோட்டை அவள் கண்ணில் படுமுன்னே எடுத்துவிட்டான். கண்டால் வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். இனி ஓரத்து வெள்ளைக் கோடுகள்தான். பிளேடு நுனி உள்ளே நுழைய நுழைய, தையல் மெல்லத் தெறித்து விடுகிறது. எல்லாம் திருகோணமலைத் துறைமுகத்தில் பிழைக்கப் போயிருந்தபோது அவன் கையால் தைத்தவை. வெள்ளைக்காரர்களின் நீர்மூழ்கிக் கப்பல் கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், சிரிப்பும் கூத்துமாக அந்தக் கொடியில் ஒரு கோடு கூடும். கடைசிக் கோட்டைத் தைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் கொடியை வாங்க வரவேயில்லை. எதிரி குண்டில் கப்பலோடு கடலுக்குள்ளேயே போய்விட்டார்கள். சந்தனம்மாள் குடையை மடியில் வைத்தபடி பக்கத்தில் வந்து குந்துகிறாள். "என்னங்க இது, இம்புட்டுக் கோடு?" "கடலோட போனாகளே அந்த வெள்ளக்காரவுக, அவுக முக்குன கப்பல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோடு." அவள் கீழே விழுந்த வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, தொடையில் வைத்து நீவுகிறாள். ஓட்டில் சாரல் இரைகிறது. "அப்ப, அவுகள முக்குனவுகளும் ஒரு கோடு தச்சிருப்பாகள்ல?" பிளேடு நூலிலேயே நிற்கிறது. "தச்சிருப்பாக" என்கிறான் அம்மாவாசி. "அங்கனயும் ஒரு தையக்காரன் இருப்பான்ல."