பாலுக்குப் போன நேரம்

“காது வலிச்சா நாய் யாருகிட்டம்மா சொல்லும்?”

அங்கம்மாவின் மூத்தவள் ஒருமுறை கேட்டது. அன்று அவளுக்கே காதுவலி. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கைப்பிள்ளைக்காரி வந்து இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டுப் போயிருந்தாள். தோட்டத்து லய வீடுகளில் காதுவலிக்கு அதுதான் மருந்து.

“சாமிகிட்ட சொல்லும்,” என்றாள் அங்கம்மா.

இன்று தேயிலை மலையில் உச்சிப்பொழுது. பால் கொடுக்கும் தாய்மாரைக் கீழே அனுப்ப, அழகையா கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தினமும் கூப்பிடும் வரிசை. வாய்க்குப் பழகிய வரிசை.

“இராக்கம்மா, செல்லாயி, அங்கம்மா…”

சொன்ன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அங்கம்மாவின் கைக்குழந்தையைப் போன வாரம்தான் புதைத்திருந்தார்கள்.

கொழுந்து கிள்ளும் கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

அங்கம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். “போயிட்டு வா தாயி,” என்றார், நமுனுகுல மலைப் பக்கம் பார்த்தபடி.

இறக்கத்தில் இராக்கம்மா முன்னால் ஓடினாள். “எம் மவன் கங்காணிக்கே கங்காணிடி. செத்த நேரம் பிந்துனா லயமே அதிரும்…” என்றவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மற்றவர்கள் கைக்குழந்தைகளை விட்டிருந்த பிள்ளைக்காம்பராவுக்குள் போனார்கள். அங்கம்மா மட்டும் லயத்தின் பின்பக்கம் திரும்பினாள்.

விறகுக் குவியலின் ஓரத்தில் செவலை கிடந்தது. யாருக்கும் சொந்தமில்லாத நாய். இடது காது கிழிந்து, சீழ் வைத்து, ஈ மொய்த்தது.

காது நாறும் நாய்களை அந்திக்குள் சுட்டுவிட வேண்டும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்லியிருந்தார்கள். துரையின் நாய்க்கு ஒட்டிக்கொள்ளுமாம். அந்த நாய்க்குக் காது துடைக்க மட்டும் பங்களாவில் ஓர் ஆள் இருந்தான்.

அவள் உப்புப் போட்டு வெந்நீர் வைத்தாள்.

துடைக்கத் துணி இல்லை. பால் வற்றட்டும் என்று மார்பை இறுக்கிக் கட்டியிருந்த வெள்ளைத்துணியை அவிழ்த்தாள். ஓரத்தில் கிழித்து, வெந்நீரில் நனைத்து, காதின் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். நெளிந்த புழுக்களை ஈர்க்குச்சியால் எடுத்துப் போட்டாள். துணியைக் காதுக்குழிக்குள் நுழைக்கவில்லை. பிள்ளைக்கும் நுழைக்கக் கூடாது.

செவலை பல்லைக் காட்டியது. உறுமியது. கடிக்கவில்லை.

“இருடா. முடிஞ்சிருச்சு.”

அதன் தலையை மடியில் சாய்த்து அவள் குனிந்தாள். கல்லாய்க் கட்டியிருந்த மார்பு விண்ணென்று வலித்தது. பிறகு சொட்டுச் சொட்டாக வந்தது. காதின் அடியை இரண்டு விரலால் மெல்லத் தேய்த்து அதை உள்ளே இறக்கினாள்.

நாய் தலையை உதறியது. பால் அவள் முகத்தில் தெறித்தது. துடைக்கவில்லை.

குழந்தையைப் புதைத்த மறுநாள், விடியும்போது, அவள் மட்டும் புதைமேட்டுக்குப் போயிருந்தாள். மழையில் இளகிய மண்ணை நரிகள் ஒரு பக்கமாகப் பறித்திருந்தன. ஒரு சாணுக்கு மேல் பறிக்கவில்லை. சுற்றிலும் நரிமயிரும் இரத்தமும் கிடந்தன. மண்ணின் மேல் செவலை படுத்திருந்தது. இடது காது கிழிந்து தொங்கியது. அவளைக் கண்ட பிறகுதான் அது எழுந்தது.

பறித்த இடத்தைக் கையால் மூடி அழுத்தினாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது நாயைத் தன் காம்பராவுக்குள் தூக்கிப் போய், வெறும் தொட்டில் தொங்கிய மூலையில் சாக்கு விரித்துக் கிடத்தினாள். ஒரு சிரட்டைத் தண்ணீர் வைத்தாள். கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள்.

லயத்தில் ஒருவரும் இல்லை.

மார்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. முந்தானையை அதன் மேல் இழுத்துவிட்டு, மற்றவர்கள் வருமுன் மலையேறினாள்.