சத்தமில்லாமல் மறைவது

“சத்தம் வரக்கூடாது. சத்தம் வந்தா மந்திரம் அவ்வளவுதான்” என்றாள் அம்மா. “யானை மாதிரி இடிச்சுக்கிட்டுப் போனா, நீ மறைஞ்சேன்னு எவன் நம்புவான்?”

“நான் யானையா? உங்க வயித்தைப் பாருங்க. நீங்கதான் யானை” என்றாள் குருவி.

அப்பா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. நிறைமாத வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, “மறுபடியும் முதல்லேர்ந்து” என்றாள்.

நாளைக்குக் குருவிக்கு எட்டு வயது. இந்த வீட்டில் அவளுக்கு இது முதல் பிறந்தநாள். போன வாரம் அம்மாதான் திடீரென்று, “மந்திரவாதி பார்ட்டி வெச்சுடுவோமா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து குருவிக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிழிந்த குடைத் துணியில் அங்கி தைத்தாயிற்று. ஒட்டடைக் குச்சியை வெட்டி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி மந்திரக்கோல். சமையலறை மேடையில் கலர் தண்ணீர் பாட்டில்கள் நின்றன. ‘குடித்தால் தவளை’, ‘குடித்தால் கணக்கு வரும்’ என்று குருவியே எழுதி ஒட்டியிருந்தாள்.

பிள்ளைகளின் அம்மாக்களுக்கெல்லாம் தானே போன் செய்துவிட்டதாக அம்மா சொன்னாள். வகுப்பு முழுக்க வருகிறது. அத்தனை பேருக்கும் கூம்புத் தொப்பி செய்து சோபாவில் அடுக்கியதில், வீட்டில் உட்கார இடமில்லை.

ஆனால் பெரிய விஷயம் பெட்டிதான். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்கு அப்பா கறுப்புப் பெயின்ட் அடித்து, சமையலறை வாசலை அடைத்தாற்போல் நிறுத்தியிருந்தார். முன்னால் திரை, பின்னால் ஒரு சின்னக் கதவு. திரைக்குள் நுழைந்து பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் நழுவிவிட வேண்டும். திரையை விலக்கினால் பெட்டி காலி.

வகுப்பில் நெட்டைக்காலன் ஒருவன் இருக்கிறான். நான் மறைஞ்சு காட்டுவேன் என்று இவள் சொன்னதற்கு, “உன்னால ஒரு பென்சிலைக்கூட மறைக்க முடியாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நாளைக்கு அவன் வாயைப் பிளக்க வேண்டும். அதற்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் நழுவத் தயாராக இருந்தாள் குருவி.

நழுவி நழுவி முழங்கால் சிவந்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. “ஏம்மா, திரும்பி வர்றதை நாம பழகவே இல்லையே?”

பெட்டியில் நட்சத்திரம் வரைந்துகொண்டிருந்த அப்பாவின் பிரஷ் நின்றது.

“மறையறதுதான் கஷ்டம்” என்றாள் அம்மா. “வர்றதுல என்ன இருக்கு? யார் வேணா வரலாம்.”

“கேக்கு?”

“மூணு அடுக்கு. சொல்லியாச்சு.”

“மேல ஆந்தை இருக்குமா?”

“ஆந்தைதானே? வெச்சுட்டாப் போச்சு.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கலாமே” என்றார் அப்பா, பெயின்ட் டப்பாவைப் பார்த்தபடி.

“பிறந்தநாளை எப்படிப்பா பொறுக்க முடியும்?” என்றாள் குருவி.

“அப்படிக் கேளு” என்றாள் அம்மா. “நீங்க நட்சத்திரத்தை முடிங்க.”

சாயங்காலம், அங்கியும் தொப்பியுமாகக் கடைசி ஒத்திகை. இந்தத் தடவை சமையலறை மட்டும் போதாது என்றாள் அம்மா.

“நாளைக்குப் பசங்க சமையலறைக்குள்ள புகுந்து தேடினா மாட்டிக்குவே. பின்பக்கச் சந்துல அப்பா ஆபீஸ் அக்கா வண்டியோட நிப்பாங்க. ஏறி, பின்சீட்டுக்குக் கீழே படுத்துக்கோ. நான் கூப்பிடற வரைக்கும் மூச்சு விடக்கூடாது.”

“மூச்சே விடக்கூடாதா?”

“பேசாம இரு. அது போதும்.”

அப்பா குனிந்து அவள் தொப்பியைச் சரிசெய்தார். சரியாக இருந்த தொப்பியை மறுபடியும் சரிசெய்தார். “நல்லா பண்ணுடா” என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க நிற்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார்.

குருவி திரைக்குள் நுழைந்தாள். பின்கதவு முனகவில்லை. மேடையில் ஒரு பாட்டில்கூட ஆடவில்லை. சந்தில் சாம்பல் நிற வண்டி ஒன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏறிப் படுத்து, அங்கியால் தலையை மூடிக்கொண்டாள். யானையாம், யானை.

அம்மா மெல்ல நடந்து வருவது கேட்டது. டிக்கி திறந்தது, எதையோ வைத்த சத்தம், மூடியது.

“கிளம்புங்க” என்றாள் அம்மா.

வண்டி நகர்ந்தது. குருவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்தச் சந்தைத் தாண்டிப் போய் ஒளிந்தால் நெட்டைக்காலன் என்ன, அவன் அப்பாவே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். வண்டி வேகம் பிடித்தது. ஹாரன் சத்தங்களும் லாரிகளின் இரைச்சலும் நெருங்கி வந்தன.

குருவி முகத்தை மட்டும் அங்கிக்கு வெளியே நீட்டி, குரலை முடிந்தவரை தணித்துக்கொண்டாள்.

“அக்கா, இவ்வளவு தூரம் வேணாம். அம்மா கூப்பிட்டா எனக்குக் கேக்காது.”

வண்டி ஓட்டியவள் திரும்பிப் பார்க்கவில்லை. கியரை மாற்றினாள்.

“எந்திரிச்சு சீட்ல உக்காரு பாப்பா. உன்னைக் குழந்தைங்க இல்லத்துக்கே திருப்பிக் குடுத்துட்டாங்க.”