கொக்கியை எடுத்தா சாயுது

ஒரு கல்குவாரியில் கழிவு மண்ணைப் பள்ளத்தில் கொட்டுகிற தொட்டி வண்டிகள் தண்டவாளத்தில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. விளிம்புக்குப் போனதும் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு சங்கிலியால் கட்டுவார்கள். பிறகு கொக்கியை எடுத்தால் தொட்டி மட்டும் சாயும், வண்டி நிற்கும்.

அன்று ஆறாம் வண்டியின் சங்கிலி அறுந்துவிட்டது. மண்ணோடு மண்ணாக வண்டியும் உருண்டுபோய் அடியில் மல்லாந்து கிடந்தது. வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும் இஞ்சின் நிற்கவில்லை. ஏழாம் வண்டியை அதே இடத்துக்குத் தள்ளியது.

"அண்ணே, கொட்டிராதீங்க! நான் கீழதான் கிடக்கேன்!" என்று ஆறாம் வண்டி அலறியது.

ஏழாம் வண்டி, "நானா தம்பி கொட்டுறேன்? கொக்கியை எடுத்தா தொட்டி தானா சாயுது. என் கையில என்ன இருக்கு?" என்றது. சாய்ந்தது. பின்னால் வந்த எட்டும் ஒன்பதும் அதே பேச்சைப் பேசிக்கொண்டே சாய்ந்தன. பத்தாம் வண்டிக்குப் பதில் சொல்லும் வேலையே இல்லாமல் போயிற்று.

ஒரு வாரத்தில் பள்ளம் தூர்ந்து, அதன்மேல் தண்டவாளம் நீண்டது. "நல்ல கெட்டியான தரை" என்று வண்டிகளெல்லாம் மெச்சின. ஏழாம் வண்டி மட்டும் அந்த இடத்தைத் தாண்டும்போது கீழே பார்க்காது.

பிறகொரு நாள், புது விளிம்பில் அதைக் கட்டினார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி நூலாகத் தேய்ந்திருந்ததை அது பார்த்துவிட்டது. பின்னால் நின்ற எட்டாம் வண்டியைத் திரும்பிப் பார்த்தது.

அது வாயைத் திறக்கும் முன்பே எட்டாம் வண்டி சொன்னது: "என் கையில என்ன அண்ணே இருக்கு?"