கீழ்வீட்டுத் தாளம்

"ஆரம்பிச்சுட்டாருப்பா" என்றாள் பாடகி, பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு.

டங். டங். டங். டிரம்மர் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டான். கீபோர்டுக்காரன் டேப் ரிக்கார்டரை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கீழ்வீட்டில் தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேலே சத்தம் கூடினால் கைத்தடியால் சீலிங்கைத் தட்டுவார். அதற்கும் அடங்காவிட்டால் படியேறி வந்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் போவார். இன்னொரு புகார் வந்தால் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

மூன்று பேரும் சேர்ந்ததுதான் 'ஓட்டை ரேடியோ' பேண்டு. ராக்கா, சர்க்கஸ் வாத்தியமா, கறுப்பு வெள்ளைக் காலத்து சினிமாப் பாட்டா என்று கேட்டால், எல்லாம்தான் என்பார்கள். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற வேலையே கிடையாது. பழைய டேப்பில், ஒரே மைக்கில், ஒரே மூச்சில் பதிவு. நடுவில் தெருநாய் குரைத்தால் அதுவும் பாட்டோடு சேர்த்தி.

ஆல்பத்தில் பாக்கி இந்த ஒரு பாட்டுதான். ரிக்கார்டர் இரவல், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் முடிக்காவிட்டால் ஆல்பம் இல்லை, அறை போய்விட்டால் பேண்டே இல்லை.

"கொஞ்சம் மெதுவா வாசிச்சுப் பார்ப்போமா?" என்றாள் பாடகி.

"இதுக்கு மேல மெதுவா வாசிச்சா எனக்கே கேக்காது" என்றான் டிரம்மர்.

மெதுவாக வாசித்தார்கள். அப்போதும் தட்டினார். வாசிக்காமல் வெறுமனே உட்கார்ந்து பார்த்தார்கள். அப்போதும் விடவில்லை.

"சும்மா இருந்தாலும் தட்டறாரு. மனுஷனுக்கு என்னதான் வேணுமாம்?" பாடகிக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் வேணா போய்க் கால்ல விழுந்துட்டு வரட்டுமா?"

"வேணாம், போனா மாட்டிப்ப. அவர் பேசி முடிக்கறதுக்குள்ள ரிக்கார்டர்காரங்க வந்து மெஷினைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றான் டிரம்மர்.

கீபோர்டுக்காரன் மட்டும் எழுந்து போய், சுவரோரம் மேலேறும் தண்ணீர்க் குழாயில் கை வைத்துப் பார்த்தான். "இன்னைக்குக் கைத்தடி இல்லப்பா, குழாயில தட்டறாரு. மணி மாதிரி என்னமா கேக்குது."

டிரம்மருக்குக் கடுப்பு தாங்கவில்லை. பெரிய டிரம்மைக் காலால் மிதித்தான். தும், தும், தும்.

கீழே சத்தம் நின்றது. பிறகு, முன்னைவிட வேகமாக வந்தது: டங் டங் டங் டங்.

இவனும் விடாமல் அதே கணக்கில் மிதித்தான். உடனே கீழிருந்து பதில் வந்தது.

"ஏய், போட்டிக்கு வர்றாருடா." பாடகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டேப்பை ஓட விடு."

அதற்கப்புறம் நடந்தது அவர்களுக்கே நம்ப முடியாததாக இருந்தது. கீழே குழாய் கேட்டது, மேலே டிரம் பதில் சொன்னது, நடுவில் அவள் பாடினாள். கடைசி அடியில் தட்டல் தளர்ந்து, விட்டு விட்டு வந்தது; அவளும் குரலை அதற்கேற்ப இறக்கினாள். தனியாக ஒரே ஒரு டங் விழுந்ததும் பாட்டு முடிந்தது.

"இனிமே சாரும் நம்ம பேண்டுதான்" என்று டிரம்மர் சிரித்தான்.

பாடகிக்கு மனசு கேட்கவில்லை. மன்னிப்பையும் நன்றியையும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினாள். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். வாசலில் வாத்தியாரின் மகள், வேலையிலிருந்து நேராக வந்த கோலத்தில், கைப்பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"காலையிலேருந்து அப்பா போனே எடுக்கல. நீங்க யாராவது பார்த்தீங்களா?"

"நல்லாத்தாங்க இருக்காரு" என்றான் டிரம்மர். "இவ்வளவு நேரம் எங்களோட மல்லுக்கட்டிட்டுதான் இருந்தாரு."

மகள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள், மூவரும் பின்தொடர்ந்தார்கள். குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஈரத் தரையில் கால் மடங்கிக் கிடந்தார் வாத்தியார். குழாயை ஒட்டி நீண்டிருந்த கையில் ஒரு எவர்சில்வர் குவளை. அதன் விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது.

மகள் ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். கீபோர்டுக்காரன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். டிரம்மருக்குத்தான் என்ன செய்வது என்றே தெரியவில்லை, குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

அவனைத்தான் பார்த்தார் அவர். திட்டவில்லை. கத்திக் கத்திக் குரலே போயிருந்தது.

"நீங்கதான் திருப்பித் தட்டினீங்களேப்பா... வந்துட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன்."