எட்டுகிற தூரம்

"இந்த வாக்கி டாக்கி வேணாம் மாமா. லைசென்ஸ் இல்லாம கொண்டு போனா கேஸ் ஆகிப் போகும்."

மருமகன் நியாஸ் இப்படிச் சொன்னதும் அப்துல் சுக்கூருக்குச் சுருக்கென்றது. கல்யாண மண்டபங்களுக்கு வாக்கி டாக்கியோடு செக்யூரிட்டி ஆள் அனுப்புகிறவன்தான். அதற்காகக் குடும்பத்தோடு சிறுமலைக்குக் கிளம்புகிற அன்றைக்குமா சட்டம் பேச வேண்டும்?

"மலையில போன் சிக்னல் நிக்காது மாப்ள. இந்தப் பெரிய செட்டுன்னா தூரமா எட்டும். நாம பாட்டுக்குத் தனியாப் போகலாம். அவன் வண்டி வாலைப் பிடிச்சுக்கிட்டே போகணுமா?"

"சின்ன செட்டு தாரேன். பவர் கம்மி, லைசென்ஸ் வேணாம். ஆனா ஒரு கிலோமீட்டர்கூட எட்டாது. கிட்டக்கவே போங்க. அடிக்கடி கூப்பிட்டுப் பாருங்க."

'அவன்' என்றது தம்பி முகமது பாரூக்கை. மகள் நர்கீஸின் கல்யாணப் பத்திரிகையில் அவர் பேர் விட்டுப்போனதில் தொடங்கிய சண்டை. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஆளுக்கொரு வேன் என்றால்தான் வருவேன் என்று இருவருமே அடம்பிடித்தார்கள். மலைப்பாதையில் தலைசுற்றும் என்பதால் இருவருக்கும் முன்சீட்டு. அவரவர் கையில் ஒரு செட்டு.

முதல் வளைவில் செட்டு கரகரத்தது. முன்னால் போன வேனிலிருந்து பாரூக்.

"எதிர பஸ் வருது. ஓரங்கட்டச் சொல்லுங்க."

"ம்."

அடுத்த வளைவு. "கேக்குதா?"

"கேக்குது."

"செத்த மெதுவாப் போப்பா," என்றார் சுக்கூர் டிரைவரிடம். இடைவெளி கூடியது. செட்டு அடங்கிப் போனது. அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கி ரோட்டை மூடியது.

சுக்கூர் அவசரமாகப் பட்டனை அழுத்தினார்.

"ஏலே பாரூக்கு! எங்கடா இருக்க?"

பதில் இல்லை. வேன் இன்னும் ஒரு வளைவு ஏறியதும் மறுபடி கூப்பிட்டார்.

"இங்கனதாண்ணே நிக்கிறேன். உன்னைய விட்டுட்டுப் போவேனா?" தம்பி பட்டனை விடவில்லை. "பேர் போடலைன்னு எனக்கு வருத்தமில்லண்ணே. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கூப்பிடலையேன்னுதான்..."

சுக்கூர் வழக்கம்போல் குறுக்கே பாய்ந்தார். பலிக்கவில்லை. அந்தப் பக்கம் பட்டனை விட்டால்தான் இந்தப் பக்கம் பேச முடியும். மூன்று வருஷத்தில் முதல்தடவையாகத் தம்பி சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"தப்பு எம்மேலதாண்டா," என்றார், தன் முறை வந்ததும்.

பின்சீட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மலைமேல் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு எழுந்தார்கள். கை கழுவ வந்த சுக்கூர் மகளிடம் சொன்னார்.

"உன் மாப்பிள்ளை சட்டம் பேசுனா எனக்கு ஆகாது நர்கீஸு. ஆனா இன்னிக்கு அந்தச் சட்டம்தான் எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சிருக்கு."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நர்கீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தச் சட்டம் அத்தா? அவரோட பெரிய செட்டுக்கெல்லாம் போன மாசமே லைசென்ஸ் வந்துருச்சே!"